வலிக்காத கால்

குதிகால் வலி என்று வாயைத் திறந்தால் போதும், வைத்தியம் சொல்லாதவர் எங்கள் தெருவில் ஒருவரும் கிடையாது. செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கிலையைப் பரப்பி, அதன்மீது குதிகாலை வைத்து அழுத்தச் சொன்னார் பால்காரர். விளக்கெண்ணெய் தடவிக் கல் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் எதிர்வீட்டு அத்தை. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தால் எல்லாம் ஓடிவிடும் என்றார். என் மனைவி மட்டும் எடையைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். (இவற்றில் மருத்துவ நூல்களோடு மிகவும் ஒத்துப்போவது அவள் சொன்னதுதான். என் கட்டுரைகளை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

நான் பள்ளி ஆசிரியன். பகல் முழுவதும் நிற்பதுதான் பிழைப்பு. வலியோ காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போதுதான் வரும். குதிகாலின் உள்பக்கத்தில் சுருக்கென்று ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நொண்டினால் மெல்லத் தணியும். பிறகு விடைத்தாள் திருத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதை. முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் குதிகால் எலும்பிலிருந்து முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கூர்முனையைக் காட்டினார். எலும்பு வளர்ந்திருக்கிறது, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. என் காலை அவர் தொடவில்லை.

ஊசிக்குப் பயந்துதான் பாத மருத்துவரிடம் போனேன் என்பதை மறைப்பதற்கில்லை. சென்னையில் சர்க்கரை நோய்க்குப் பேர்போன மருத்துவமனைகளிலும் சில தனி மையங்களிலும் பாதங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நான் போன இடம் அப்படியொரு சிறிய மையம். பார்த்தவர் இயன்முறை மருத்துவம் படித்துவிட்டுப் பாத மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்ற பெண்மணி. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவனை வரவேற்பில் இருந்த பெண் தடுத்து, செருப்போடு உள்ளே வாருங்கள் என்றாள். ஊரிலுள்ள அத்தனை மருத்துவமனைகளிலும் செருப்பை வெளியே விடவும் என்றுதான் பலகை தொங்கும். நோயாளிகள் எல்லோரும் வெறுங்காலோடுதான் டாக்டர் முன்னால் உட்காருகிறார்கள். ஆனாலும் மேசைக்குக் கீழே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இங்கே அது தலைகீழாக இருந்தது. அம்மணி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே செருப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். குதியின் வெளி ஓரம் தேய்ந்திருந்த விதத்தையும், உள்ளே கட்டைவிரல் பதிந்த பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

பிறகு கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடைவழியில் போய்வரச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தார். ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கச் சொன்னார். படுக்க வைத்துக் கணுக்காலை மேல்நோக்கி மடக்கினார்: முழங்கால் மடங்கியிருந்தபோது பாதம் நன்றாக மேலே வந்தது, முழங்காலை நீட்டியவுடன் செங்கோணத்துக்கு மேல் ஒரு இம்மிகூட அசையவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கெண்டைக்கால் தசை இறுகிப் போயிருக்கிறது என்றார். முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் போய் ஒட்டும் தசை அது. கால் நீண்டிருக்கும்போதுதான் அதன் இறுக்கம் வெளிப்படும். அது குதிகாலைப் பின்னாலிருந்து மேலே இழுக்க, குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் விரிந்திருக்கும் தடித்த பட்டை முன்னாலிருந்து இழுபடுகிறது. நாள் முழுவதும் இப்படி இழுபட்டு, எலும்பில் அது ஒட்டும் இடம் நைந்துவிடுகிறது. கடைசியாகக் கட்டைவிரலால் குதிகாலின் உள்பக்கம் ஒரே ஓர் இடத்தில் அழுத்தினார். கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் தெரிந்த அந்த எலும்பு முனையைப் பற்றிக் கேட்டேன். அப்படிப்பட்ட முனை, வலியே இல்லாத எத்தனையோ பேரின் காலிலும் இருக்கிறதாம். அதைக் குற்றவாளியாக்கிப் பயனில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்புத் திசு அதனால் மெலியலாம், அரிதாக அந்தப் பட்டையே கிழியவும் கூடும். அதனால் அது எதற்கும் அடங்காத வலிக்கு மட்டுமே என்றார்.

எனக்குக் கிடைத்த சிகிச்சையில் மருந்து ஏதும் இல்லை. கட்டிலை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் முழந்தாள் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். மாடிப்படியின் விளிம்பில், சுருட்டிய துண்டு ஒன்றைக் கால்விரல்களுக்கு அடியில் கொடுத்து நின்று, மூன்று விநாடியில் குதியை உயர்த்தி, இரண்டு விநாடி அப்படியே நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். துண்டு எதற்கு என்றால், விரல்கள் மேலே வளையும்போது உள்ளங்கால் பட்டை விறைத்து, பாதத்தின் வளைவு உயர்ந்து, கால் ஒரே உறுதியான நெம்புகோலாகிவிடுகிறது. 1954-ல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கிய இயக்கம் இது. இதை வைத்து டென்மார்க்கில் ஒரு குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், துண்டு வைத்துச் செய்யும் இந்தப் பயிற்சி, வெறும் நீட்டல் பயிற்சியைவிட மூன்று மாதத்தில் நல்ல பலன் கொடுத்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்திருந்தார்கள். அதாவது பொறுமையாக இருந்தாலும் பெரும்பாலோருக்குச் சரியாகத்தான் போகிறது. பயிற்சி அதைச் சற்றே விரைவாக்குகிறது. எனக்கும் சில மாதங்களில் சரியானது. என் குதிகாலைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது அண்ணனின் காலைப் பற்றி.

அண்ணன் எனக்குத் துணையாக வந்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர். சர்க்கரை நோய் அவருக்கு வெகுகாலமாக உண்டு. மாத்திரையைத் தவறவிட மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தாள்களை எல்லாம் தேதி வாரியாகக் கோப்பில் வைத்திருப்பவர். எனக்கான சீட்டை எழுதிக்கொண்டே அம்மணி பேச்சுவாக்கில் அவரைக் கேட்டார்.

“சாருக்குச் சர்க்கரை உண்டா? காலில் எரிச்சல், மதமதப்பு ஏதாவது?”

“எனக்கு ஒன்றுமில்லை அம்மா. தம்பிக்குத்தான் வலி. எனக்கு முன்பு ராத்திரியில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நடக்கும்போது செருப்பு தெரியாமல் கழன்று போவது உண்டா?”

அண்ணன் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் அது பழைய வேடிக்கை. ரேஷன் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்ப, அண்ணி அதை உறவுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். ஞாபக மறதி என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மணி சிரிக்கவில்லை. கட்டிலில் ஏறி உட்காரச் சொன்னார்.

ஒரு பிளாஸ்டிக் பிடியின் முனையில் மீன் தூண்டில் நரம்பைவிடச் சற்றே தடித்த நைலான் இழை. அதுதான் கருவி. முதலில் அதை அண்ணனின் முன்கையில் தொட்டுக் காட்டினார். இப்படித்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பட்டவுடன் சொல்லுங்கள் என்றார். அண்ணன் கண்ணை மூடினார். கட்டைவிரலின் அடியில் இழையை வைத்து அது வில்லாக வளையும் வரை அழுத்தினார். ஒரு கணம் நிறுத்தி எடுத்தார். பிறகு கட்டைவிரல் மூட்டின் கீழே. பிறகு நடுவிரல் மூட்டின் கீழே. இழை வளைவதையும் நிமிர்வதையும் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் மரியாதையாகக் காத்திருந்தார். சிறிது நேரம் கழித்து, “ஆரம்பிக்கலாம் அம்மா” என்றார்.

அந்த இழை வளைவதற்கு 10 கிராம் விசை வேண்டும். அதை உணர முடியாத பாதத்துக்குத் தற்காப்பு உணர்வு போய்விட்டது என்று கணக்கு. அதாவது செருப்புக்குள் கிடக்கும் கல்லையும், அழுத்தும் வாரையும், ஏறிய முள்ளையும் அந்தக் கால் இனி சொல்லாது. அடுத்து 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதுவும் தெரியவில்லை. பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பார்த்தார்; கையளவு டாப்ளர் கருவியை வைத்துக் குருதி ஓடும் ஓசையை எங்களுக்கும் கேட்கச் செய்தார். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தார். அது 0.9-க்குக் கீழே போனால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அண்ணனுக்கு அதற்கு மேலேயே இருந்தது. நரம்பு போய்விட்டது, ரத்த ஓட்டம் இருக்கிறது, அதனால் காயம் பட்டாலும் ஆற வழி உண்டு என்றார். இரவு எரிச்சல் நின்றது குணம் அல்ல, எரிந்துகொண்டிருந்த நரம்புகள் ஓய்ந்துபோனதன் அடையாளம் என்று அவர் சொன்னபோதுதான் அண்ணனின் முகம் மாறியது.

வலது கட்டைவிரல் மூட்டுக்கு அடியில் காய்ப்பு ஒன்று இருந்தது. வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு இருப்பதுதானே என்றார் அண்ணன். அவருடைய விரல்கள் சற்றே உள்மடங்கியிருந்தன. பாதத்தின் சிறு தசைகளுக்குப் போகும் நரம்புகள் பழுதானால் இப்படி ஆகுமாம். உடல் எடை மூட்டுகளின் அடியில் குவியும். குவிந்த இடத்தில் தோல் தடிக்கும். தடித்த தோலே மேலும் அழுத்தும். அம்மணி கத்தியை எடுத்துக் காய்ப்பைச் சாய்வாகச் சீவத் தொடங்கினார். மஞ்சள் நிறத்தில் மெல்லிய செதில்கள் தட்டில் விழுந்தன. மரக்க ஊசி போடவில்லை. அண்ணன் என்னிடம் வீட்டுவரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் என் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நாலைந்து அடுக்கு போனதும், அடியில் மிளகளவில் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தது. தோலுக்குள் ரத்தம் கசிந்து உறைந்த இடம். மேலே மூடியிருந்த காய்ப்பைச் சீவாமல் விட்டிருந்தால் இதுதான் புண்ணாகியிருக்கும் என்றார். கைபேசியில் படம் எடுத்து அண்ணனிடம் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

வீட்டில் ஏதாவது கை வைத்தியம் உண்டா என்று கேட்டபோது பால்காரரின் செங்கல்லைச் சொன்னேன். நானும் சில நாள் தம்பியோடு மிதித்தேன், இதமாகத்தான் இருந்தது என்றார் அண்ணன். அம்மணி எழுந்தேவிட்டார். சுட்ட செங்கல், வெந்நீர் வாளி, மோட்டார் சைக்கிள் சைலன்சர், பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து இருக்கையின் தரை, பங்குனி மத்தியானத்தில் கோவில் பிரகாரம் என்று அவரிடம் கொப்புளங்களோடு வந்தவர்களின் காரணப் பட்டியல் நீண்டது. பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி மிதித்தால் சுடும், காலை எடுத்துவிடுவார். நீங்கள் மிதித்தால் கல் ஆறும் வரை நிற்பீர்கள் சார்.”

கைவசமுள்ள கார்ன் கேப்புக்கும் தடை போட்டார். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் வாங்கி ஒட்டுவோமே, அதிலுள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. வலியுள்ளவர் காந்தினால் பிய்த்து எறிந்துவிடுவார். அண்ணன் எறிய மாட்டார். வீட்டில் பிளேடால் காய்ப்பை வெட்டுவதும் அப்படித்தான்.

அந்த நைலான் இழையின் பூர்வீகத்தை வீட்டுக்கு வந்தபின் தேடிப் படித்தேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரே என்ற உடலியல் அறிஞர் ஜெர்மனியில் குதிரை மயிரைக் கொண்டு தோலுணர்வை அளந்திருக்கிறார். 1960-ல் ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் என்ற இருவர், மூளையில் காயம்பட்டவர்களைச் சோதிக்க மயிருக்குப் பதில் நைலானைக் கையாண்டார்கள். ஆனால் அது பாதத்துக்கு வந்த வழி வேறு. அந்த வழியைப் பின்தொடர்ந்து போனால் நமது வேலூரில் கொண்டுபோய் விடுகிறது.

1914-ல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறுவருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். தொழுநோய் தசையைத் தின்கிறது, அதனால்தான் விரல்கள் அழுகி விழுகின்றன என்று மருத்துவர்களே நம்பிய காலம். பிராண்ட் அங்கே கண்டது வேறு. கிருமி அழிப்பது நரம்பை. உணர்விழந்த கையையும் காலையும் அழிப்பது அன்றாட வேலை. கொதிக்கும் பாத்திரம், துருப்பிடித்த சாவி, செருப்பு ஆணி. சில நோயாளிகளின் விரல் இரவோடு இரவாகக் காணாமல் போவதன் காரணத்தைக் காவலிருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது, உறங்கியவருக்குத் தெரியவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். 1955-ல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குச் சமமாக அங்கே செருப்புக்கும் இடம் இருந்தது. நுண்துளைகள் கொண்ட மென்மையான ரப்பரில், ஆணி அடிக்காமல், பின்வார் வைத்துச் செய்த எம்.சி.ஆர். செருப்பு அப்படிப் பரவியதுதான்.

பிராண்டின் வாழ்க்கையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் ஒரு குதிகால். வெளிநாட்டுப் பயணம் ஒன்றில், நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் லண்டன் விடுதியில் காலுறையைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்வில்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். கத்தினார். ரயிலில் உட்கார்ந்த வாக்கில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். குதிகால் வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் உலகிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

1966-ல் அவர் அமெரிக்காவின் லூயிசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளின் பாதங்களையும் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது புண் ஒரே இடத்தில், ஒரே விதமாக, ஒரே காரணத்தால் வந்திருந்தது. 1986-ல் பர்கே, சிம்ஸ் என்ற இரு கார்வில் ஆய்வாளர்கள், 10 கிராம் இழையை உணர்பவர்களுக்குப் பாதப்புண் வருவதில்லை என்று கண்டு எழுதினார்கள். உள்ளங்கால் புண்ணுள்ளவரைப் படுக்க வைக்காமல், கால் முழுதும் ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டுப் போட்டு நடக்க விட்டே புண்ணை ஆற்றும் முறையும் தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்ததுதான். இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930-களிலேயே அதைக் கையாண்டிருக்கிறார். இன்று உலகில் எந்தப் பாத மருத்துவரின் மேசையிலும் அந்த இழை இருக்கிறது. செங்கல்பட்டிலும் கரிகிரியிலும் பெயர் தெரியாத நோயாளிகள் தங்கள் விரல்களைக் கொடுத்துக் கற்பித்த பாடம், லூயிசியானா போய், சென்னையில் ஒரு சிறு அறைக்கு வந்து என் அண்ணனின் காலைத் தொட்டது.

இவ்வளவு இங்கே தொடங்கியும், பாதத்துக்கென்று மருத்துவர் உண்டு என்பதே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பிரிட்டனில் இது தனிப் படிப்பு, தனித் தொழில். பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் சட்டப்படி குற்றம். சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை அங்கே நடைமுறை. இங்கே எலும்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர், ரத்தக்குழாய்க்கு ஒருவர் என்று ஒரு பாதத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். இரண்டு பாதங்களிலுமாக 52 எலும்புகள். உடலிலுள்ள 206-ல் கால் பங்கு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அட்டவணையில் பாத மருத்துவருக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசும் ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை எடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அண்ணனின் தடித்த கோப்பில், இத்தனை வருடத்துத் தாள்களில், சிறுநீரகம் உண்டு, கண் உண்டு, இதயம் உண்டு. கால் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. அவரைப் பார்த்துவந்த மருத்துவரைத் திட்டலாம். மாலையில் அறுபது பேரைப் பார்க்கும் ஒருவர் ஒவ்வொருவரின் காலையும் தூக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. அதற்காகத்தான் தனியாக ஒருவர் வேண்டும் என்கிறேன்.

உணர்வு போய், விரலும் மடங்கியிருப்பவர் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை காலைக் காட்ட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதம். உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை போதும். அண்ணனுக்கு மூன்று மாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை அவர் ஒப்புக்கொண்டார். தினமும் விரலிடுக்குகளைத் துடைத்துக் காயவைப்பது, சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்ப்பது, நகத்தை நேராக வெட்டுவது, செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது, இவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே வர வேண்டும் என்பதைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் சார்கோ பாதம் அப்படித்தான் தொடங்குமாம். அதன்மேல் நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வளைவே சரிந்துவிடும்.

சண்டை வந்தது செருப்பில். எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தவுடன் அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில், சிறுவயதில், அந்தச் செருப்பைப் போட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நல்லது செய்ய வந்த செருப்பு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் செருப்பாகிவிட்டது. அம்மணிக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. அலமாரியிலிருந்து அதே ரப்பரை அடியில் வைத்து, மேலே சாதாரணத் தோல் செருப்பைப்போல் தைத்த ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். பின்வாரும் ஒட்டுப்பட்டையும் இருந்தன. பழுப்பு நிறம். அண்ணன் அரை மனதாகப் போட்டுப் பார்த்தார்.

“வீட்டுக்குள்ளும் இதைப் போட வேண்டும் சார். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி.”

“பூஜை அறையிலா?”

“பூஜை அறையில் வேண்டாம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்.”

“பௌர்ணமிக்குக் கிரிவலம் போவேன். வருடக் கணக்கில் விட்டதில்லை.”

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் வெறுங்காலோடு போவதுதான் வழக்கம். அண்ணாமலையார் என் காலைப் பார்த்துக்கொள்வார் என்றார் அண்ணன், கொஞ்சம் கோபமாகவே. “கட்டாயம் பார்த்துக்கொள்வார் சார். அதற்கு முன்னால் நீங்களும் ஒருமுறை பாருங்கள்” என்று நீண்ட பிடி வைத்த ஒரு கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தார் அம்மணி. உள்ளங்காலைத் தரையில் உட்கார்ந்து பார்க்க முடியாதவர்களுக்கான கண்ணாடி அது.

பேரம் அண்ணியின் மத்தியஸ்தத்தில் படிந்தது. உள்ளூர்க் கோவிலுக்கு இனி விடியற்காலையில் மட்டும், தடித்த பருத்திக் காலுறையோடு. மத்தியானத்தில் நார் விரிப்பும் வெள்ளை வண்ணமும் போட்ட கோவிலாக இருந்தாலும் கிடையாது. கிரிவலம் உண்டு, ஆனால் பழுப்புச் செருப்போடு. முழுச் சுற்றும் ஒரே மூச்சில் இல்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டு காலையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரிவலத்தில் செருப்பா என்று வழியில் யாராவது கேட்டால் அண்ணன் வாதாடுவதில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, என் தம்பி வாத்தியார், விவரமாகச் சொல்வான் என்று என் கைபேசி எண்ணைக் கொடுத்துவிடுகிறார். சிலர் அழைத்தும் விட்டார்கள். ஒருவர் அரை மணி நேரம் சாஸ்திரம் சொல்லித் திட்டினார். இன்னொருவர், அந்தச் செருப்பு எங்கே கிடைக்கும், பதினொன்றாம் நம்பர் இருக்குமா என்று கேட்டார்.